பனமலை ஏரியில் பத்துக் குதிரை

மூன்றாவது முறையாக அந்தப் படகு மோட்டார் ஒரு பஸ்ஸின் கூரையிலிருந்து இறங்குவதைப் பட்டறை வாசலில் நின்று பார்த்த நூருல்லா, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார். அது நல்ல வார்த்தை இல்லை.

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் அவருடைய பட்டறை இருந்தது. ஒரு லேத், ஒரு துளை போடும் மெஷின், ஒரு காஸ் வெல்டிங் செட், அவ்வளவுதான். ஆனால் சுற்றுவட்டாரத்தில் கிணற்றுமேட்டில் நிற்கிற ஆயில் என்ஜின்களில் பாதிக்குமேல் அவர் கை பட்டவை. அவலூர்பேட்டையிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். இரும்பிடம் அவருக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பொறுமை உண்டு. மனிதர்களிடம் அது கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆதிநாராயணனிடம் ஐந்து நிமிஷம்.

ஆதிநாராயணன் கடைவீதியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்தார். அந்த அறுபத்தாறாம் வருஷம் ஐப்பசியும் கார்த்திகையும் மழை கொட்டித் தீர்த்ததில் பனமலை ஏரி நிரம்பி, ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த குடியிருப்புக்குப் போகிற வண்டிப்பாதை தண்ணீருக்குள் போய்விட்டது. அங்கே நாற்பது வீடு. வெளியே வரவேண்டுமென்றால் ஏழு மைல் சுற்ற வேண்டும். அவர்கள் விளைவித்த மல்லாட்டையும் மூட்டை மூட்டையாக வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தது. ஆதிநாராயணன் மரக்காணத்திலிருந்து பெரிய மரப்படகு ஒன்றை லாரியில் ஏற்றிவந்து ஏரியில் இறக்கினார். ஓட்டுவதற்கு இளையபெருமாள் என்கிற படகுக்காரரையும் கூடவே அழைத்துவந்தார். அத்தோடு நின்றிருந்தால் நூருல்லாவுக்கு அந்த மார்கழி நிம்மதியாகப் போயிருக்கும்.

பாண்டிச்சேரியில் ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன படகு மோட்டார் ஒன்று விலைக்கு இருக்கிறது என்று யாரோ சொல்ல, ஆதிநாராயணன் அதையும் வாங்கிவிட்டார். பத்துக் குதிரை சக்தி. படகின் பின்பலகையில் மாட்டித் தொங்கவிடுகிற வகை. மேலே என்ஜின், அதன் கீழே நீளமாக ஒரு கால், காலின் நுனியில் கைமுட்டி அளவுக்கு ஒரு கியர் பெட்டி, அதன் பின்னால் மூன்று இதழ் வைத்த வெண்கலப் புரொப்பல்லர். செஞ்சியில் எல்லாரும் அதை விசிறி என்றே சொன்னார்கள்.

முதல் தடவை வந்தபோது ஆதிநாராயணன் சொன்ன புகார் இதுதான்: "புகையுது பாய். முக்குது. எளையபெருமாளு துடுப்பு போட்டா இதைவிட சீக்கிரம் போயிடலாம் போலக்குது."

நூருல்லா கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பிளக்கில் கரி அப்பிக்கிடந்தது, சுரண்டினார். பட்டறைக்குப் பின்னால் ஒரு தார் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, விளிம்பில் மோட்டாரை மாட்டிக் கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. டிரம்மிலிருந்த தண்ணீரில் பாதியை அது ஆதிநாராயணனின் வேட்டிமேல் வாரி இறைத்தது. அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

"பாத்தீங்களா, பத்துக் குதிரைன்னா சும்மாவா!"

நாலு நாளில் திரும்பி வந்தது. அதே புகை, அதே முக்கல். மறுபடி கழற்றினார், மறுபடி சுரண்டினார், பெட்ரோலில் கலக்கிற ஆயிலின் அளவைக் குறைத்தார். டிரம்மில் மறுபடி சிங்கம்போல உறுமியது. இப்போது மூன்றாவது முறை.

"டிரம்முல ஓடுது, ஏரில ஓடலையே பாய்," என்றார் ஆதிநாராயணன், டிரம்மை ஏரிக்கு எடுத்துப்போகலாமா என்று யோசிப்பவர் மாதிரி. "எனக்கு இன்னா தோணுதுன்னா, ஏரித் தண்ணி கொஞ்சம் கெட்டியோ?"

ஐந்து நிமிஷம் தீர்ந்துவிட்டது.

"மொதலாளி, நாளைக்கு நானே பனமலைக்கு வரேன். நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க. தயவுபண்ணி."

மறுநாள் படகில் பதினாறு மூட்டை ஏற்றியிருந்தார்கள். ஐந்து பேரும் ஓர் ஆடும் வேறு. மோட்டார் பிடித்துக்கொண்டது. ஆனால் கைப்பிடியை எவ்வளவு திருகினாலும் அதன் குரல் மேலே எழவே இல்லை. மேட்டில் டாப் கியரிலேயே ஏறப் பார்க்கிற லோடு லாரிபோல முனகியது. நீலப்புகை படகின்மேலேயே படர்ந்து ஆடு இருமியது. கரையிலிருந்த கோயில் பாறை அசையாமல் அப்படியே பக்கத்தில் நின்றது. நூருல்லா என்ஜின் தலையில் விரலை வைத்துப் பார்த்துச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"நாலு மூட்டையோட போனா சிட்டா பறக்குது பாய்," என்றார் இளையபெருமாள், பீடியைக் காதிலிருந்து எடுத்தபடி. "பத்துக்கு மேல ஏத்தினாத்தான் இப்பிடி."

நூருல்லா திரும்பி அவரைப் பார்த்தார். "ஏன்யா, இத மொதல் நாளே சொல்றதுக்கு இன்னா?"

"யாரு கேட்டீங்க?"

நூருல்லாவுக்கு, இரண்டு தடவை பிளக்கைச் சுரண்டிக்கொண்டிருந்த தன்மேலும், கேட்காமல் வாய் திறக்காத அந்த மனிதர்மேலும், எல்லாவற்றுக்கும் மேலாகக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு படகின் நடுவில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்த ஆதிநாராயணன்மேலும் ஆத்திரம் வந்தது. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. என்ஜினில் குற்றமே இல்லை. அந்த வெள்ளைக்காரர் இதைச் சின்னதாக, இலேசான படகில் மாட்டிக் கடலில் பறந்திருப்பார். அதற்கென்று அமைந்த மோட்டார் இது. மூட்டை சுமக்கிற படகுக்கு இது சேராது.

கரையேறியதும் அதைத்தான் சொன்னார். "லாரிக்காரன் மேடு வந்தா கியரை எறக்கிக்கிறான் இல்ல? இதுக்கு எறக்கறதுக்கு வழியில்ல. ஒரே கியரு. லோடு ஏத்தினா என்ஜின் தெணறுது."

இதை உவமைக்காகச் சொன்னது தப்பாகிப் போயிற்று. ஆதிநாராயணன் அதில் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப கியரை மாத்திட்டா போச்சு!"

"அது அப்பிடி இல்ல மொதலாளி..."

"நீங்க விடுங்க பாய். மெட்ராஸுல எனக்கு ஆள் இருக்குது."

ஒரு வாரம் கழித்து, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய இரண்டு பல்சக்கரங்களோடு வந்து நின்றார். அதே கம்பெனி, வேறு மாடல். முகமெல்லாம் சிரிப்பு. நூருல்லா அவற்றைக் கையில் வாங்கிப் பல்லை எண்ணினார். சின்னதில் பதினாலு, பெரியதில் பத்தொன்பது. பழையதைத் திறந்து எண்ணினார். பன்னிரண்டு, இருபத்தொன்று. சுண்ணாம்புக்கட்டியால் பலகையில் எழுதிப் பார்த்தார். பிறகு அதே கட்டியால் ஆதிநாராயணனுக்கு விளக்கப் புகுந்தார். அதுதான் அவர் செய்த அடுத்த தப்பு.

"பழசுல என்ஜின் ஏழு சுத்து சுத்தினா விசிறி நாலு சுத்து. புரியுதா?"

"புரியுது."

"இதுல என்ஜின் பத்தொம்போது சுத்தினா விசிறி பதினாலு. அதாவது, என்ஜின் சுத்தற ஒவ்வொரு சுத்துக்கும் விசிறி முன்னவிட அதிகமா சுத்தணும்."

"அதான் நமக்கு வேணும்!"

"இல்ல மொதலாளி. இருக்கற லோடுக்கே தெணறுது. இத மாட்டினா இன்னும் தெணறும். நமக்கு வேண்டியது இதுக்கு நேர் எதிர். விசிறி மெதுவா சுத்தணும்."

ஆதிநாராயணன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "மெதுவா போறதுக்கா பாய் நான் மோட்டார் வாங்கினேன்? கடைக்காரன் சொன்னான், இது ஸ்பீடு கியர்னு."

"ஸ்பீடு கியருதான். இந்தப் படகுக்கு ஆகாது."

"மெட்ராஸ்காரனுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா?"

நூருல்லாவின் கையில் சுண்ணாம்புக்கட்டி ஒடிந்தது. சைக்கிளைச் சொன்னார், ஏற்றத்தில் மாடு இழுப்பதைச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ஆதிநாராயணன் தலையாட்டினார். ஆட்டி முடித்ததும் "எப்ப மாட்டுவீங்க?" என்று கேட்டார்.

"மாட்டறேன்," என்றார் நூருல்லா.

அந்த "மாட்டறேன்" என்ன மாதிரியான சொல் என்பது அவருக்கே தெரியும். கியர் பெட்டியைத் திறந்து, புதுச் சக்கரங்கள் சரியாக ஒன்றோடொன்று உட்காரத் தகட்டு வளையம் கடைந்து போட்டு, மூடி, எண்ணெய் நிரப்ப நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் அவர் மனசில் ஓடிக்கொண்டிருந்தது ஒரே காட்சிதான்: நடு ஏரியில் படகு நிற்கிறது, ஆதிநாராயணன் வாயடைத்துப் போய் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் மனைவி மெஹர் பானு தையல் மெஷினில் உட்கார்ந்தபடி ஒருமுறைதான் கேட்டாள். "சரியா வராதுன்னு சொல்றீங்க. அப்பறம் எதுக்கு இவ்ளோ பாடுபட்டு மாட்டறீங்க?"

"அவரு கண்ணால பாக்கட்டும்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

மோட்டாரோடு நூருல்லாவும் ஆதிநாராயணனும் பனமலைக்குப் போன அன்று காலையிலிருந்தே வாடைக்காற்று. படகில் பதினாலு மூட்டை அரிசியும் உப்பும், அந்தப் பக்கத்துக் கடைக்குப் போகிற சாமான். புறப்படுகிற நேரத்தில் நர்ஸ் ராஜம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு வேகமாக வந்தாள். அந்தப் பகுதிக்கெல்லாம் பிரசவம் பார்க்கிறவள். ஐம்பதை நெருங்குகிற வயசு, ஒல்லியான உடம்பு, கணீரென்ற குரல்.

"அந்தாண்ட ஒரு பொண்ணுக்கு வலி கண்டிருக்குதாம். தலச்சன். சீக்கிரம் போயிடுமா இது?"

"பறக்கும்மா!" என்றார் ஆதிநாராயணன். "புது கியர் போட்டிருக்குது."

அப்போது நூருல்லா வாயைத் திறந்திருக்கலாம். 'நர்ஸம்மா, துடுப்பு போட்டுக்கினு போலாம், மோட்டார நம்பாதீங்க' என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. நாலு நாள் வளர்த்த காட்சி கண்முன்னால் நடக்கப்போகிறது. அதைக் கெடுத்துக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை.

கால் மைல்கூடப் போகவில்லை. முன்பு முக்கிய மோட்டார் இப்போது மூச்சு வாங்கியது. கைப்பிடியை முழுக்கத் திருகினால் இருமி அடங்கியது. இரண்டு தடவை நின்றது, இரண்டு தடவை நூருல்லா கயிற்றை இழுத்துக் கிளப்பினார்; நடுநடுவே கியரைப் பற்றி அவரும் ஆதிநாராயணனும் வாக்குவாதம் செய்துகொண்டார்கள். மூன்றாவது தடவை நின்றபோது என்ஜின் தலையில் தெறித்த தண்ணீர்த்துளி சுர்ரென்று ஆவியானது. கயிறு அசைந்துகொடுக்கவில்லை. சூட்டில் பிஸ்டன் இறுகிவிட்டது, ஆறுகிற வரைக்கும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆதிநாராயணன் வாயடைத்துப்போய்த்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் நூருல்லாவுக்கு அதைப் பார்க்க நேரமில்லை. காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டுபோய், தண்ணீரில் பாதி முழுகி நின்ற கருவேல மரங்களுக்குள் சொருகியது. கிளைகள் முள்ளோடு தோளில் விழுந்தன. ஆதிநாராயணனின் குடை கிழிந்தது. இளையபெருமாள் கழியை ஊன்றித் தள்ளினார், பாரத்துக்குப் படகு நகரவில்லை. நூருல்லா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையெல்லாம் கீறிக்கொண்டு கிளைகளை விலக்கினார்.

"எவ்ளோ நேரம் ஆவும்?" என்று ராஜம்மாள் கேட்டாள். "எவ்ளோ நேரம்னு கேட்டேன். பேச்சு பேச்சா பேசனீங்க ரெண்டு பேரும். இப்ப சொல்லுங்க."

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மரங்களை விட்டு வெளியே வந்தபின் துடுப்பு போட்டுத்தான் அக்கரை சேர்ந்தார்கள். கரையில் நின்ற பெண்பிள்ளை, "புள்ள பொறந்துடுச்சு நர்ஸம்மா, ஆனா ரத்தம் நிக்கல!" என்று கத்தியதும் ராஜம்மாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் ஓடினாள்.

நூருல்லா ஈர லுங்கியோடு கரையிலேயே உட்கார்ந்திருந்தார். ஆதிநாராயணன் பக்கத்தில் வந்து ஏதோ சொல்லத் தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளிப்போனார். குடியிருப்புப் பக்கமிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. சத்தம் வராததுதான் அவருக்குத் தாங்கவில்லை. அல்லாவே, அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று திரும்பத் திரும்ப மனசுக்குள் சொன்னார். அந்தப் பெண்ணின் பேர்கூட அவருக்குத் தெரியாது.

வெயில் சாய்கிற நேரத்தில் ராஜம்மாள் வந்து ஏரியில் கை கழுவினாள். மணிக்கட்டு வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

"இப்ப நின்னுடுச்சு. பொழச்சிக்குவா. ஆனா ரொம்ப போயிடுச்சு, ஆளு காயிதமா வெளுத்துக் கெடக்குறா. நேரத்துக்கு வந்திருந்தா இவ்ளோ போயிருக்காது." நிமிர்ந்து இரண்டு பேரையும் பார்த்தாள். "உங்க ரெண்டு பேருல யாரு சொல்றது சரின்னு பாக்கறதுக்கு நானும் அந்தப் பொண்ணும்தானா கெடச்சோம்?"

ஆதிநாராயணன் கிழிந்த குடையைப் பார்த்தார். நூருல்லா தரையைப் பார்த்தார். கியர் விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரியாகப் போயிற்று. ஆனால் அந்தச் சரியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் மோட்டாரைப் பிரித்தார். நல்லவேளை, பிஸ்டனில் லேசான கீறலோடு போயிருந்தது. உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்தார். புதுப் பல்சக்கரங்களைக் கழற்றி எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டுப் பழையதையே மாட்டினார். விசிறி மெதுவாகச் சுற்ற வேறு கியர் வேண்டும். அது கிடைக்காது. செஞ்சியில் அந்த மாதிரிப் பல்லை வெட்டுகிற மெஷினும் இல்லை. கியரை மாற்ற முடியாதென்றால் மிச்சமிருப்பது விசிறிதான்.

விசிறியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதழ்கள் சேர்கிற நடுக்குடத்தில் 9 என்றும் 11 என்றும் பொறித்திருந்தது. மூன்று வாரமாகப் பார்க்கிற எண்கள்தான். ஸ்கேலை வைத்தார். விசிறியின் குறுக்களவு ஒன்பது அங்குலம். சரி, ஒன்பது அது. பதினொன்று? எங்கே அளந்தாலும் பதினொன்று வரவில்லை.

மதியம் அதைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். மெஹர் பானு ரவிக்கைக்குக் காகித அளவு வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு, "திருகாணிதானே இது? ஒரு சுத்து சுத்தினா எவ்ளோ ஏறும்?" என்றாள்.

நூருல்லா நிமிர்ந்தார். திருகாணி. மரையை எத்தனை ஆயிரம் தடவை லேத்தில் வெட்டியிருக்கிறார்! ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னேறுகிறது என்பதுதான் மரைக்கு அளவு. தண்ணீரும் இந்த விசிறிக்கு ஒரு மரைதான்.

"பானு, அந்தப் பிஸ்கட் டின் குறுக்கால எவ்ளோ இருக்கும்?"

நாடாவை வைத்துப் பார்த்தாள். "ஏழு."

"சுத்தளவு?"

"இருபத்திரெண்டு."

காகிதத்தில் அடிப்பக்கம் இருபத்திரண்டு அங்குலம், உயரம் பதினோரு அங்குலம் வைத்து ஒரு முக்கோணம் வெட்டச் சொன்னார். வெட்டி டின்னைச் சுற்றி ஒட்டியதும் சாய்ந்த விளிம்பு, கோட்டையின் மலைப்பாதைபோல வளைந்து ஏறியது. விசிறியின் இதழில் நடுவிலிருந்து மூன்றரை அங்குலத்தில் அந்தச் சாய்வை வைத்துப் பார்த்தார். நூல் பிசகாமல் பொருந்தியது. ஒரு சுற்றுக்குப் பதினோரு அங்குலம் முன்னே போகப் பார்க்கிற விசிறி.

தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். என்ஜின் முழு வேகத்தில் நிமிஷத்துக்கு நாலாயிரம் சுற்று. விசிறிக்கு அது கிட்டத்தட்ட இரண்டாயிரத்து முந்நூறு. சுற்றுக்குப் பதினோரு அங்குலம் என்றால் மணிக்கு இருபத்துநாலு மைல். அந்தப் பாரவண்டிப் படகு ஆறு மைலுக்குமேல் எந்தக் காலத்திலும் போகாது. இருபத்துநாலுக்கு ஆசைப்படுகிற விசிறியை ஆறில் கட்டிவைத்தால் என்ஜின் திணறாமல் என்ன செய்யும்?

"ஏழா வெட்டு," என்றார். மெஹர் பானு ஏழு அங்குல உயரத்தில் இன்னொரு முக்கோணம் வெட்டினாள். மலைப்பாதை தாழ்ந்தது.

விசிறியையும் டின்னையும் எடுத்துக்கொண்டு பாத்திரக்காரத் தெருவுக்குப் போனார். அங்கே கோவிந்தராஜ் பித்தளை, வெண்கல வேலை செய்கிறவர். அண்டாவுக்கு ஒட்டுப் போடுவதிலிருந்து கோயில் மணி வரை அவரிடம்தான் வரும். வெண்கலத்தில் நூருல்லாவுக்குப் பழக்கம் போதாது.

"பழுக்கக் காய்ச்சி முறுக்கிடலாமா?"

"ஐயய்ய, செவந்துடுச்சுன்னா அடிச்ச அடில நொறுங்கிடும் பாய். செவக்கறதுக்கு முன்னாடியே எடுத்துடணும். மரச்சுத்திதான். அடிக்கக் கூடாது, தட்டணும்."

ஏழு அங்குலச் சாய்வுக்குப் புளியங்கட்டையில் ஓர் அச்சு செதுக்கினார்கள். முதல் இதழ் அச்சில் படிய ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டாவது இதழில் நூருல்லா அவசரப்பட்டு ஒரு தட்டு கூடுதலாகத் தட்ட, நுனியில் நகக்கண் அளவு விரிசல் விட்டது. கோவிந்தராஜ் நாக்கைச் சப்புக்கொட்டினார். நூருல்லா சுத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து தெருக்கோடி வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார்.

"நுனிய அறுத்துடலாம்," என்றார் வந்ததும். "மூணுலயும் ஒரே அளவா. இன்னும் கொஞ்சம் லேசாத்தான் ஆவும். நல்லதுதான்."

மூன்றாவது இதழ் உலையில் இருக்கும்போது ஆதிநாராயணன் வந்துவிட்டார். கடைவீதியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"பாய்! இன்னா பண்றீங்க? நுனியக் காணோமே! ஐயோ, இதக் கொறச்சிட்டீங்களா?"

"கொறச்சிட்டேன்."

"பெருசா இருந்தாலே போவல, கொறச்சா எப்பிடிப் போவும்?"

பழைய நூருல்லாவாக இருந்தால் சுண்ணாம்புக்கட்டியைத் தேடியிருப்பார், அல்லது வேறு எதையாவது எடுத்திருப்பார். இப்போது உலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"மொதலாளி, அந்தக் கியரு தப்புன்னு தெரிஞ்சேதான் மாட்டினேன். நீங்க அவமானப்படணும்னு மாட்டினேன். இது சரின்னு தெரிஞ்சு பண்றேன். கொஞ்சம் பேசாம உக்காருங்க."

ஆதிநாராயணன் உட்கார்ந்துவிட்டார். சின்னக் குரலில், "தெரிஞ்சேவா?" என்று கேட்டார். நூருல்லா தலையாட்டினார். மண்டிக்காரர் அதற்கப்புறம் வேலை முடிகிறவரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அவரை வாயடைக்கச் செய்தது கடைசியில் அதுதான். ஆனால் நூருல்லா எதிர்பார்த்த திருப்தி அதில் இல்லை.

இதழ்கள் ஒரே எடையாக இருக்கின்றனவா என்று பார்க்க, விசிறியை இரண்டு கத்தி விளிம்புகளுக்கு நடுவே ஒரு கம்பியில் நிறுத்தி, கனத்த இதழ் கீழே தாழத் தாழ அரம் போட்டுச் சமப்படுத்தினார்கள். பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு பனமலைக்கு எடுத்துப் போனார்கள்.

இந்தத் தடவை நூருல்லா யாரையும் ஏற்றவிடவில்லை. பதினாறு மூட்டை, அவர், இளையபெருமாள், அவ்வளவுதான். துடுப்பு இரண்டும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தன. கயிற்றை இழுத்தார். கைப்பிடியை மெதுவாகத் திருகினார். என்ஜினின் குரல் ஏறியது, இன்னும் ஏறியது, முனகலைத் தாண்டிச் சீராக ஓர் உச்சத்தில் போய் நின்றது. புகை மெலிந்து வெள்ளையாயிற்று. படகின் மூக்கில் தண்ணீர் இரண்டாகப் பிரிந்தது. கருவேல மரங்கள் பின்னால் போயின. அக்கரைக்குப் பதினெட்டு நிமிஷம். என்ஜின் தலையில் விரலை வைத்தார். வைத்தபடியே இருக்க முடிந்தது.

"பரவால்லயே," என்றார் இளையபெருமாள். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

மூட்டைகளை இறக்கிவிட்டுக் காலிப் படகோடு திரும்பினார்கள். ஆதிநாராயணன் கரையில் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"பாய், போவும்போது அருமையா போச்சு. ஆனா காலியா வரும்போது முன்ன மாதிரி பறக்கலையே. கத்துது, ஆனா வேகம் வரல."

நூருல்லா கண்ணை மூடித் திறந்தார். "வராது மொதலாளி. லோடுக்குன்னு பண்ணது லோடோடதான் ஓடும். காலியா வரும்போது கைப்பிடிய பாதிக்கு மேல திருகக் கூடாது. திருகினா என்ஜின் செதறிடும்."

"ரெண்டுக்கும் ஒத்து வரா மாதிரி ஒண்ணு பண்ண முடியாதா?"

"முடியாது."

"மெட்ராஸுல வேணா..."

"மொதலாளி!"

ஆதிநாராயணன் கையைத் தூக்கிச் சரி சரி என்று காட்டிவிட்டு இளையபெருமாளிடம் போய் மூட்டைக் கணக்கைப் பேச ஆரம்பித்தார்.

ராஜம்மாள் பையோடு வந்துகொண்டிருந்தாள். தாயையும் பிள்ளையையும் பார்க்கப் போகிறாள். படகைக் கண்டதும் நின்றாள். நூருல்லா அவளிடம் போனார். இதைச் சொல்லாமல் செஞ்சிக்கு பஸ் ஏறக் கூடாது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நர்ஸம்மா, அன்னிக்கு அது நிக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உங்கள ஏத்த விட்டுட்டேன்."

அவர் கையிலிருந்த முள் கீறல்களைப் பார்த்தாள். இரண்டு இடத்தில் இன்னும் ஆறாமல் சிவந்திருந்தது.

"தெரியும்," என்றாள். "படகு நின்னப்ப எல்லாரும் பயந்தாங்க. உங்க மூஞ்சில மட்டும் பயமில்ல. அதப் பாத்துட்டுத்தான் எனக்கு வயிறு எரிஞ்சது."

அவள் பையைத் திறந்து ஊதாநிற மருந்து ஒன்றை எடுத்து, பஞ்சில் நனைத்து அவர் கையில் அழுத்தினாள். எரிந்தது.

"இன்னிக்கு போவுமா?"

"போவும். பதினெட்டு நிமிஷம்."

"துடுப்பு?"

"உள்ள இருக்குது."

ராஜம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகில் ஏறினாள். நடுவில் உட்காராமல் துடுப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "நீங்களும் வாங்க," என்றாள். "அந்தப் பொண்ணு பேரு சின்னப்பொண்ணு. அவகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடுங்க."

நூருல்லா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்.